ஒரே பேர், இரண்டு வேலை

2025 டிசம்பர் 6ஆம் திகதி, இங்கிலாந்து பிரீமியர் லீக் புட்போல். வில்லா பார்க்கில் 95ஆவது நிமிடத்தில் அஸ்டன் வில்லாவின் புவெந்தியா கோல் அடித்தார், என் டீம் ஆர்சனல் 2-1 என்று தோற்றது. இலங்கை நேரப்படி மாலை ஆறு மணி மெட்ச். எட்டு மணிக்கெல்லாம் தம்பியின் வொய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. அவன் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறான். லிவர்பூல்காரன். “அண்ணே, இந்த வருசம் நாலு சென்டர் பேக், நாலு பேரும் ஸ்டார்ட் பண்ணுற ஆளுங்கன்னு தீபாவளிக்கு வந்தப்ப சொன்னீங்களே. அந்த நாலு பேரும் எங்கண்ணே?”

கேள்வி நியாயமானதுதான். சென்டர் பேக் என்றால் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று மறிக்கும் பின்கள ஆள், வழக்கமாக ஒரு மெட்ச்சுக்கு இரண்டு பேர். சலிபா இல்லை, காயம். கப்ரியேல் நவம்பரில் பிரேசிலுக்கு ஆடப் போன இடத்தில் தொடையில் அடிபட்டு வந்தார். மொஸ்கேரா மூன்று நாளைக்கு முன்னால் பிரென்ட்ஃபோர்ட் மெட்ச்சில் நொண்டிக்கொண்டு வெளியே போனார். மிச்சம் இன்காபியே ஒருவர். அவருக்குப் பக்கத்தில், வலது ஓரத்தில் மறிக்கும் ரைட் பேக் டிம்பரைக் கொண்டுவந்து நிறுத்தினார் கோச் ஆர்டேட்டா. டிம்பர் விட்டுவந்த இடத்துக்கு பென் வைட்.

தம்பிக்கு ஒரு வரியில் பதில் போட்டால் அவன் அதைக் கடைப் பையன்கள் எல்லாருக்கும் காட்டிச் சிரிப்பான். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் தேயிலை எஸ்டேட் ஒபிசில் கிளார்க். செக்ரோல், அதாவது இன்றைக்கு யாருக்கு எந்த வேலை என்ற பேர்ப் பதிவேடு, எழுதுவது என் வேலைகளில் ஒன்று. காலையில் கொழுந்து மலைக்குப் போட்ட பேரை அன்றைக்கே ஃபெக்டரி வேலைக்கும் போட முடியாது. ஆள் ஒன்று, பேர் ஒன்று, நாள் ஒன்று. அப்படிப் போட்டால் மாசக் கடைசியில் கணக்கு இடிக்கும், தோட்டத்து மானேஜர் துரை கூப்பிட்டு விசாரிப்பார். பெரிய கிளப்புகள் பின்களத்துக்கு ஆள் கணக்குப் போடும்போது செய்வது இதைத்தான். இரண்டு இடம் ஆடத் தெரிந்த ஒருவரை இரண்டு பேராக எழுதிவிடுகிறார்கள். மாசக் கடைசி வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. புட்போலில் மாசக் கடைசி என்பது சீசன் முடியப்போகும் மார்ச், ஏப்ரல்.

முன்னால் நின்றும் லீக் கப்பை மென்செஸ்டர் சிட்டியிடம் விட்ட 2023 பற்றி ஆர்சனல் ரசிகர்களிடம் பேச்செடுத்தால் முதலில் வருவது சென்டர் பேக் ரொப் ஹோல்டிங்கின் பெயர். சொல்லும் தோரணையைப் பார்த்தால், ஏதோ அவர்தான் கப்பைத் தலையில் சுமந்துபோய் மென்செஸ்டரில் இறக்கிவைத்தார் என்று நினைப்பீர்கள். எனக்கு இது பிடிக்காது. நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம்.

2022இல் சலிபா பிரான்ஸின் மார்செய் கிளப்புக்குக் கடனாகப் போய் ஆடிவிட்டுத் திரும்பிவந்தார். வலதுபக்க சென்டர் பேக் இடம் அவருக்கு. முந்தின சீசனில் அந்த இடத்தில் ஆடிய வைட் ரைட் பேக்குக்கு நகர்ந்தார். டொமியாசு ரைட் பேக்குக்கும் மாற்று, தேவைப்பட்டால் லெஃப்ட் பேக்குக்கும் மாற்று. பாப்லோ மாரியை இத்தாலியில் மொன்ஸாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கலம் சேம்பர்ஸ் அந்த வருடம் ஜனவரியிலேயே வில்லாவுக்குப் போயிருந்தார், ஒரு சதம்கூட வாங்காமல். மாவ்ரோபனோஸ் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டிலேயே தங்கிவிட்டார். பெஞ்சில் மிஞ்சியது ஹோல்டிங்.

இதில் ஒரு திட்டம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சலிபா விழுந்தால் வைட் உள்ளே வருவார், டொமியாசு ரைட் பேக் ஆடுவார். எழுதிப் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் அந்த லிஸ்டில் டொமியாசு என்ற ஒரே பேர் எத்தனை வரியில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் 2023 ஜனவரி. கிளப் முதலாவது இடத்தில் இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது. முன்களத்துக்கு முட்ரிக் வேண்டும் என்று அலைந்தார்கள், செல்சி தட்டிக்கொண்டு போனது. நடுக்களத்துக்குக் கைசெடோவைக் கேட்டார்கள், பிரைட்டன் விடவில்லை. கடைசியில் வந்தவர்கள் ட்ரொசார்ட், ஜோர்ஜின்யோ, கிவியோர். பின்களத்துக்கு வந்தவர் கிவியோர் மட்டும். இத்தாலியின் ஸ்பெசியா கிளப்புக்குச் சுமார் 20 மில்லியன் பவுண் கொடுத்தார்கள். நல்ல ஆட்டக்காரர், இடதுகால்காரர். அதாவது, கப்ரியேலின் பக்கத்துக்கு மாற்று. கப்ரியேல் அந்த சீசனில் லீக்கின் 38 மெட்ச்சிலும் ஆடினார். எந்த வாளி ஓட்டை என்று பார்க்காமல் நல்ல வாளிக்கு ஈயம் பூசிய மாதிரி.

மார்ச் 16, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக், போர்த்துக்கல்லின் ஸ்போர்ட்டிங்குடன் எங்கள் மைதானம் எமிரேட்ஸில் இரண்டாவது லெக். ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, டொமியாசு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். இன்னும் கொஞ்ச நேரத்தில் சலிபா முதுகைப் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு பேருமே அந்த சீசனில் திரும்பவில்லை. ஸ்போர்ட்டிங்கின் பெட்ரோ கொன்சால்வெஸ் கிட்டத்தட்ட நடுக்கோட்டிலிருந்து தூக்கி அடித்த கோலையும், பெனால்டியில் வெளியேறியதையும்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். உண்மையான சேதம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. சலிபா இல்லாவிட்டால் டொமியாசுவை நம்பி ஒரு திட்டம். அந்த டொமியாசுவும் அதே ராத்திரி போய்விட்டார். வைட்டை உள்ளே கொண்டுவந்தால் ரைட் பேக் காலி. ஆகவே ஹோல்டிங்.

இனி வருவதைக் கவனியுங்கள். ஹோல்டிங் ஆடிய முதல் இரண்டு லீக் மெட்ச்: கிறிஸ்டல் பேலஸ் 4-1, லீட்ஸ் 4-1. இரண்டும் வெற்றி. ஏப்ரல் முதலாம் திகதி ராத்திரி ஆர்சனல் சிட்டியை விட 8 புள்ளி முன்னால், சிட்டிக்கு ஒரு மெட்ச் கூடுதலாகக் கையில். அப்போது யாரும் ஹோல்டிங்கைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு லிவர்பூலின் மைதானம் ஆன்ஃபீல்டில் 2-0 முன்னால் போய் 2-2. வெஸ்ட் ஹாமில் 2-0 முன்னால் போய் 2-2. கடைசி இடத்தில் கிடந்த சவுதாம்ப்டனுடன் சொந்த மைதானத்தில் 3-3. ஏப்ரல் 26 சிட்டியின் மைதானம் எதிஹாடில் 4-1 தோல்வி. முடிந்தது கதை. சிட்டி 89, ஆர்சனல் 84.

வெஸ்ட் ஹாமின் முதல் கோல் பெனால்டி. எங்கள் நடுக்கள ஆள் பார்டே பந்தைத் தொலைத்தார், கப்ரியேல் பக்கெட்டாவைத் தட்டினார். 2-1 என்று இருந்தபோது சாக்கா பெனால்டியை வெளியே அடித்தார். சவுதாம்ப்டன் மெட்ச்சில் முதல் நிமிடத்திலேயே கோலி ராம்ஸ்டேல் பந்தை எதிராளி காலில் கொடுத்தார். இதில் எதை ஹோல்டிங் கணக்கில் எழுதுவீர்கள்? எதிஹாடில் ஆர்சனல் அடித்த ஒரே கோல் யாருடையது தெரியுமா? ஹோல்டிங்.

ஆனால் அவர் வந்ததால் எதுவும் மாறவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். மாறியது. சலிபா இருக்கும்போது பின்களம் நடுக்கோட்டுப் பக்கம் ஏறி நிற்கும். பின்னால் கிடக்கும் அத்தனை இடமும் சலிபாவின் பொறுப்பு. யாராவது மேலே தூக்கி அடித்தால் திரும்பி ஓடி, அவசரமே இல்லாமல் பந்தை எடுத்து வருவார். அந்த நம்பிக்கையில்தான் லெஃப்ட் பேக் ஸின்செங்கோ நடுவில் போய் நிற்பார், பார்டே முன்னால் போய் அழுத்துவார். ஹோல்டிங் பெனால்டி பெட்டிக்குள் நின்று தலையால் தட்டி வெளியே அனுப்பும் ரகம். ஓட்டத்தில் சிட்டியின் ஹாலண்டை அவர் பிடிக்க முடியாது, அவருக்கே அது தெரியும். அதனால் பின்கள லைன் பத்துக் காலடி கீழே இறங்கும். பின்களம் இறங்கினால் அதற்கும் நடுக்களத்துக்கும் இடையில் ஒரு பள்ளம் விழும். டி பிரைனே போன்ற ஆளுக்கு அந்தப் பள்ளம் போதும். ஒரு ஆளை மாற்றினார்கள், பதினொரு பேரும் நிற்கும் இடம் மாறிப்போனது.

ஆழம் என்று பேசும்போது எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணுகிறோம். எந்த மாதிரி ஆள் என்று பார்ப்பதில்லை. இதைச் சொல்ல இன்னொரு மெட்ச்சைக் காட்டுகிறேன்.

2017 மே 27, எஃப்ஏ கப் ஃபைனல், செல்சி. நமக்கு ராத்திரி பத்து மணி மெட்ச். அந்த சீசனில் லீக் வென்றிருந்த செல்சி. ஆர்சனலுக்கோ பின்களத்தில் ஆளே இல்லை. கொஸ்சியெல்னிக்குத் தடை, இன்னொரு கப்ரியேலான கப்ரியேல் பவுலிஸ்டாவுக்கு முழங்கால், முஸ்தாபிக்குத் தலையில் அடி. அப்போதைய கோச் வெங்கர் இறக்கிய மூன்று பேர்: நடுவில் மெர்டசேக்கர், வலதுபக்கம் 21 வயது ஹோல்டிங், இடதுபக்கம் மொன்ரியல். மெர்டசேக்கருக்கு அந்த சீசனிலேயே அதுதான் முதல் ஸ்டார்ட். ஹோல்டிங் போல்டனிலிருந்து சுமார் 2 மில்லியனுக்கு வந்தவர். மொன்ரியல் பிறவி லெஃப்ட் பேக். எங்கள் வீட்டில் அன்றைக்கு டீவியைப் போடுவதற்கே எனக்கு மனசில்லை. அந்த மூன்று பேரும் டியேகோ கொஸ்டாவையும் ஹசார்டையும் மறித்து நின்றார்கள். கொஸ்டா ஒன்று அடித்தார், அவ்வளவுதான். 2-1 என்று கப் வந்தது.

அதே ஹோல்டிங். 2017இல் ஹீரோ, 2023இல் குற்றவாளி. 2017இல் மூன்று பேர் பின்களம். லைன் கீழே. மெர்டசேக்கர் ஓடவே தேவையில்லை. நின்று படித்து, சத்தம் போட்டு, மற்ற இருவரையும் நடத்தினால் போதும். கையில் இருந்த ஆட்களுக்கு ஏற்றமாதிரி வெங்கர் ஆட்டத்தை வளைத்திருந்தார். 2023இல் ஆர்டேட்டா ஆட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றினார். சீசன் நடுவில், முதலாவது இடத்தில் இருக்கும்போது, ஆட்டத்தையே மாற்ற எந்தக் கோச்சுக்கும் துணிவு வராது என்பதும் உண்மைதான். அதனால்தான் சொல்கிறேன், ஆட்டத்தை மாற்றப்போவதில்லை என்றால் ஜனவரியில் வலதுபக்கத்துக்கு வேகமான ஒருவரை வாங்கியிருக்க வேண்டும். அது வாங்குகிறவர்களின் வேலை. ஹோல்டிங்கின் வேலை இல்லை. அவரை அந்த வருடம் செப்டம்பரில் சில்லறைக் காசுக்குப் பேலஸுக்கு விற்றுவிட்டார்கள்.

இந்தக் கிளப்புக்கு இது பழைய வியாதி. 2011 ஓகஸ்டில் மென்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் ட்ரஃபோர்டில் 8-2 தோல்வி. அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் மெர்டசேக்கரையும் அந்த்ரே சான்டோஸையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். 2014இல் வெர்மாலனை பார்சிலோனாவுக்கு விற்றுவிட்டு அவருக்குப் பதில் அனுபவமுள்ள ஒரு சென்டர் பேக் வாங்கவில்லை. 19 வயது சேம்பர்ஸ் போதும் என்று நினைத்தார்கள். அவர் ரைட் பேக்கும் ஆடுவார், சென்டரும் ஆடுவார். மறுபடியும் இரண்டு வரியில் ஒரே பேர். ரைட் பேக் டெபுஷிக்குக் கணுக்கால் காயம், கொஸ்சியெல்னிக்குக் குதிகால் நரம்பு. நவம்பரில் யுனைடெட்டுடன் மொன்ரியல் சென்டர் பேக். கப்ரியேல் பவுலிஸ்டா ஜனவரியில்தான் வந்தார், வீடு எரிந்த பிறகு. அந்த அவசரத்தில் மொன்ரியல் சென்டர் பேக் ஆடப் பழகியதுதான் 2017இல் கை கொடுத்தது என்று வாதாடலாம். சரி, வாதாடலாம். அதைத் திட்டம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

2023க்குப் பிறகு ஆர்டேட்டா பாடம் படித்துவிட்டார் என்று எழுதுகிறவர்கள் 2023-24 சீசனைக் காட்டுவார்கள். 29 கோல்தான் விட்டார்கள், 89 புள்ளி. நான் அதை ஆழம் என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் சலிபா லீக்கில் 38 மெட்ச், ஒரு நிமிடம் விடாமல் ஆடினார். ஆழத்துக்கு வேலையே வரவில்லை. அஜக்ஸிலிருந்து வாங்கிய டிம்பர் முதல் லீக் மெட்ச்சிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முழுக்க இல்லை. அதையும் தாங்கியது கப்ரியேலும் சலிபாவும் விழாமல் நின்றதால். அது அதிர்ஷ்டம்.

உண்மையான சோதனை 2025 ஏப்ரல். ஃபுல்ஹாம் மெட்ச்சில் கப்ரியேலுக்குத் தொடைத் தசை போய்விட்டது, சீசன் முடிந்தது. ஒரு வாரத்தில் சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மட்ரிட் வருகிறது. இடதுபக்கம் யார்? கிவியோர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கி வைத்த அதே கிவியோர். இந்தத் தடவை விழுந்தவரும் இடதுபக்கம், மாற்று ஆளும் இடதுபக்கம். எமிரேட்ஸில் 3-0. ரைஸின் இரண்டு ஃப்ரீ கிக்கை உலகமே பார்த்தது. எம்பாப்பேயும் வினிசியஸும் அன்றைக்கு ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்ரிடின் மைதானம் பெர்னபுவிலும் 2-1 வெற்றி. அந்த மாதக் கடைசியில் பேலஸுடன் 2-2. அதில் கிவியோர் தலையால் ஒரு கோல் அடித்தார். பேலஸின் மட்டேட்டா சமன்செய்த கோலுக்குப் பந்தைக் கொடுத்தது சலிபா. பெரிய ஆளும் சறுக்குவார் என்பதற்காக இதைச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

இங்கேதான் சிக்கலே வருகிறது. மட்ரிடை மறித்து நின்ற ஒருவரை அடுத்த வருடம் “நீ பெஞ்சில் உட்காரு” என்று சொன்னால் உட்காருவாரா? உட்கார மனசுள்ளவர் மட்ரிடுக்கு எதிராக நிற்கத் தகுதியில்லாதவர். தகுதியுள்ளவருக்கு உட்கார மனசில்லை. மூன்றாவது சென்டர் பேக்கை வாங்குவது உலகத்தில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் வேலைகளிலேயே சள்ளை பிடித்த வேலை என்று நான் சொல்வது இதனால்தான். ஸ்ட்ரைக்கரைக் கடைசி இருபது நிமிடம் இறக்கலாம், ஒரு கோல் அடித்தால் சந்தோஷப்பட்டுக்கொள்வார். சென்டர் பேக்கை யாரும் எழுபதாவது நிமிடம் மாற்றுவதில்லை. ஆடினால் தொண்ணூறு, இல்லாவிட்டால் பூச்சியம். கிவியோர் போர்த்துக்கல்லின் போர்டோவுக்குக் கிளம்பியதில் எனக்குக் கோபமே இல்லை.

அவருக்குப் பதில் எடுத்த முடிவைத்தான் மெச்சுகிறேன். வலன்சியாவிலிருந்து மொஸ்கேரா, சுமார் 13 மில்லியன். வலதுகால், வேகம், 21 வயது. காத்திருக்கக்கூடிய வயது. இடதுபக்கத்துக்கு இன்காபியே, ஜெர்மனியின் லெவர்குசனிலிருந்து கடனுக்கு, பிறகு 45 மில்லியனுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு. லெஃப்ட் பேக்கும் ஆடுவார். ஆகையால் கப்ரியேல் நன்றாக இருக்கும் வாரங்களிலும் அவருக்கு ஆட்டம் கிடைக்கும். வலதுக்கு ஒரு ஆள், இடதுக்கு ஒரு ஆள். செக்ரோல் சுத்தம். 2025 ஓகஸ்ட் 31 ஆன்ஃபீல்டில் ஐந்தாவது நிமிடம் சலிபா கணுக்காலைப் பிடித்தபோது மொஸ்கேரா உள்ளே வந்தார். லைன் இறங்கவில்லை. தோற்றதென்னவோ உண்மை, சொபொஸ்லாய் முப்பது யார்ட் தூரத்துக்கு அப்பாலிருந்து அடித்த ஃப்ரீ கிக். அதற்கு எந்த சென்டர் பேக்கும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

மறுநாள் செப்டம்பர் 1, கிளப்புகள் ஆட்களை வாங்கி விற்கும் விண்டோ மூடும் நாள். ஒரே நாளில் இரண்டு கிளப்பும் சென்டர் பேக் தேடின. ஆர்சனல் இன்காபியேவைப் பிடித்தது. லிவர்பூல் பேலஸின் மார்க் கெஹிக்கு 35 மில்லியன் பேசி, மெடிக்கல் வரை போய், கடைசி நேரத்தில் பேலஸ் பின்வாங்கியது. ஏன்? கெஹிக்கு மாற்று ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. விற்கிறவனுக்கும் பெஞ்சில் ஆள் வேண்டுமே. லிவர்பூல் ஏற்கெனவே குவான்சாவை லெவர்குசனுக்கு விற்றிருந்தது. பார்மாவிலிருந்து வாங்கிய 18 வயது லியோனி, செப்டம்பர் 23 தன் முதல் மெட்ச்சிலேயே தசைநார் கிழிந்து போனார். நவம்பரில் ஆன்ஃபீல்டில் ஃபொரஸ்டிடம் 0-3, நாலு நாளில் நெதர்லாந்தின் பிஎஸ்வியிடம் 1-4. தம்பி அந்த வாரம் வொய்ஸ் மெசேஜ் எதுவும் அனுப்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நவம்பர் கடைசியில் இலங்கையில் டித்வா புயல். மலையகம் பட்ட பாட்டை இந்தப் பதிவில் எழுதப் போவதில்லை, அதற்கு இன்னும் கை வரவில்லை. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, ரயில் பாதை பல இடத்தில் போய்விட்டது. 30ஆம் திகதி செல்சி மெட்ச்சை யார் நினைத்தார்கள். 1-1 என்பது எனக்குத் தெரிந்ததே பிறகு, ஒரு லொறி பெட்டரியில் போனுக்கு சார்ஜ் ஏற்றியபோதுதான். அந்த மெட்ச்சில் சலிபாவும் இல்லை, கப்ரியேலும் இல்லை. மொஸ்கேராவும் இன்காபியேவும் ஆடினார்கள். பல நாள் கழித்து முழு மெட்ச்சையும் போட்டுப் பார்த்தேன். மாற்று ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து செல்சியின் மைதானம் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் நின்றபோதும் லைன் மேலேதான் இருந்தது. 2023இல் எனக்குக் கிடைக்காத திருப்தி அதில் கிடைத்தது.

ஆகவே தம்பி, அந்த நாலு பேர் எங்கே என்றால், நாலு பேரும் இருந்தார்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். அதற்கும் டிம்பர் என்ற ஐந்தாவது ஆள் நின்றார், அவர் இடத்தில் வைட் நின்றார். வில்லாவில் தோற்றது 95ஆவது நிமிடத்தில், பெட்டிக்குள் நடந்த தள்ளுமுள்ளுவில். 2023இல் இதே நிலைமை என்றால் இடைவேளைக்கே மூன்று வாங்கியிருப்போம்.

எங்கள் தோட்டத்து டீமைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கிரவுண்டு மலைச்சரிவில் வெட்டியது. கீழ்ப்பக்கம் வெளியே போகும் பந்து தேயிலைக்குள் உருண்டு, தண்ணீர் வடியும் கானில்தான் நிற்கும். அந்தப் பக்கத்து பேக்தான் இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும், அட்டைக் கடியும் அவனுக்குத்தான். எந்தப் பையன் பேக் ஆட வருவான்? எல்லாரும் ஃபோர்வேர்ட். நான் அந்தக் காலத்தில் கீழ்ப்பக்க பேக். புட்போலில் நான் கற்றது பாதி அந்தக் கானுக்குள் கற்றதுதான்.

இப்போது இருக்கும் உருப்படியான பேக் பையன்கள் மூன்று பேரும் கொழும்பில். ஒருவன் ஹோட்டலில், ஒருவன் ஹாட்வெயார் கடையில், ஒருவன் கட்டட வேலையில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் மேலே வருவார்கள். டோர்னமெண்ட் வைப்பதும் அப்போதுதான் என்பதால் சமாளிக்கிறோம். முதலாளி லீவு கொடுக்காவிட்டால் ஃபெக்டரியில் ரோலர் ரூமில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், நாற்பது தாண்டியவர். அவர் பேர் லிஸ்டில் ஸ்டொப்பர், அதாவது சென்டர் பேக், என்றும் இருக்கும், ரிசர்வ் கோலி என்றும் இருக்கும். போன பொங்கலுக்கு டன்பார் கிரவுண்டில் எங்கள் கோலிக்கு விரல் பிசகியது. அண்ணன் கிளவுஸைப் போட்டுக்கொண்டு கோலுக்குள் போனார். சென்டரில் யார் என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். லிஸ்ட் எழுதிய செயலாளர் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்து டோர்னமெண்டில் வெளி ஆள் இரண்டு பேரைப் போடலாம். அதுதான் எங்கள் ட்ரான்ஸ்ஃபர் மார்க்கெட். ஒவ்வொரு தடவையும் கமிட்டி போய்க் கூட்டிவருவது ஃபோர்வேர்ட். அவனுக்குச் சாப்பாடு, பஸ் காசு, ஜெயித்தால் கையில் ஏதாவது. அந்தக் காசை நம் பேக் பையன்கள் இரண்டு நாள் முன்னால் வந்து சேருவதற்கு பஸ் காசாகக் கொடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து காலையில் பூட்ஸ் போடுகிறவன் எப்படி ஓடுவான்? கமிட்டி ஜேர்சிக்கு நம்பர் அடிக்க வேண்டும் என்கிறது.

2026 ஜனவரி விண்டோ வருகிறது. ஆர்சனல் சென்டர் பேக் வாங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். இருப்பவர்கள் திரும்பட்டும். ஆறாவது ஆளை வாங்கினால் மார்ச் மாதம் எல்லாரும் நலமாக இருக்கும்போது இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் வைட்டை விற்கக்கூடாது. யாராவது நல்ல விலை கேட்பார்கள், வயது 28, சம்பளம் அதிகம், பெஞ்சில்தானே இருக்கிறார் என்று கணக்குச் சொல்வார்கள். வைட் போனால் டிம்பரின் பேர் மறுபடியும் இரண்டு வரியில் வந்துவிடும். கலஃபியோரியை இதில் சேர்க்காதீர்கள். அவர் சென்டரும் ஆடுவார்தான், ஆனால் லெஃப்ட் பேக்கில் அவரை விட்டுவைப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

எங்கள் கமிட்டிக் கூட்டம் வரும் ஞாயிறு. பாதை திறந்து பையன்கள் வந்து சேர்ந்தால் பொங்கலுக்கு டோர்னமெண்ட் உண்டு, இல்லாவிட்டால் சித்திரைக்குத் தள்ளிவைப்பதாகப் பேச்சு. பஸ் காசு விஷயத்தை நான் மறுபடியும் கிளப்பப்போகிறேன் என்பது எல்லாருக்கும் தெரியும், செயலாளர் இப்போதே தனக்கு அன்றைக்கு ஒரு கலியாண வீடு இருக்கிறது என்று சொல்லிவைத்துவிட்டார்.